இஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை!

நம் சங்க அன்பர்களில் என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள் பலரும் குளிர்காலத்தில் சிகந்தராபாத்தில் இருப்பதில்லை. மகன் வீடு, மகள் வீடு என்று அமெரிக்காவிலோ கனடாவிலோ போய் உட்கார்ந்திருக்கிறோம். பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போய், பனி தள்ளிவிட்டுத் திரும்பியவர்கள் நம்மில் உண்டு. ஊர் திரும்பிய பிறகு என்னிடம் ஒருவர் அல்ல, மூவர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்: "ஸ்நோ புளோயரில் இஞ்சின் நன்றாக ஓடுகிறது, ஆனால் வண்டி முன்னே போக மாட்டேன் என்கிறதே, என்ன சார் காரணம்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட மலரில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஹைதராபாத்தில் பனி பெய்யாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் வீட்டில் மாவரைக்கும் கிரைண்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கேரேஜ், வேகன் பக்கம் வேலை பார்த்தவன் நான். பனியை அரைத்துத் தூர எறியும் யோசனையே முதலில் ரயில்வேக்காக எழுந்ததுதான் என்று அறிந்தபோது எனக்கு ஒரு சொந்தம் வந்துவிட்டது. டொரான்டோவில் பல் வைத்தியராக இருந்த ஜே.டபிள்யூ. எலியட் என்பவர் 1869இல் தண்டவாளப் பனியை அகற்றச் சுழல் சக்கரம் கொண்ட ஒரு கலப்பையை வரைந்தார். அன்று யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஒன்டாரியோவின் ஆரஞ்ச்வில்லைச் சேர்ந்த ஆரஞ்ச் ஜல் அதை மேம்படுத்தினார். 1883-84 குளிர்காலத்தில் லெஸ்லி சகோதரர்கள் முழு அளவில் ஒன்றைக் கட்டி ஓட்டிக் காட்டினார்கள். சாலைக்கான ஸ்நோ புளோயரைக் கியூபெக் மாகாணத்தின் ஆர்தர் சிகார்ட் 1925இல் உருவாக்கினார். பின்னால் நடந்துகொண்டே ஓட்டும் வீட்டு இயந்திரம் இவற்றின் பேரப்பிள்ளை.

அந்த ரயில்வே கலப்பையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அதனுள் இருந்த நீராவி இஞ்சின் முன்பக்கச் சக்கரத்தை மட்டுமே சுழற்றும். வண்டியைத் தள்ளுவது பின்னால் பூட்டிய வேறு இஞ்சின்கள். அரைக்கும் வேலை வேறு, நகரும் வேலை வேறு. வீட்டு ஸ்நோ புளோயரில் இஞ்சின் ஒன்றுதான் என்றாலும் இந்தப் பிரிவினை அப்படியே இருக்கிறது. இஞ்சின் தண்டிலிருந்து இரண்டு பெல்ட்டுகள் புறப்படுகின்றன. ஒன்று முன்னால் உள்ள திருகையும் பனியை எறியும் விசிறியையும் சுழற்றுவது. இன்னொன்று டயர்களுக்குப் போவது. கைப்பிடியிலும் இரண்டு லீவர்கள் இருக்கும். எது எந்தப் பக்கம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பனி எறிகிறது, வண்டி நகரவில்லை என்றால் இஞ்சினையும் திருகின் பெல்ட்டையும் மறந்துவிடலாம். பாதி வேலை அப்போதே முடிந்தது.

(வண்டி நகர்கிறது, திருகின் ஒரு பக்கம் மட்டும் சும்மா நிற்கிறது என்றால் அங்கே ஷியர் பின் உடைந்திருக்கும். கல்லோ, பத்திரிகைக் கட்டோ சிக்கினால் கியர் பெட்டி உடையாமல் தான் உடைந்துகொள்வதற்கென்றே மென்மையாகச் செய்த போல்ட் அது. கையில் கிடைத்த கெட்டி போல்ட்டை அங்கே போடாதீர்கள். அடுத்த முறை உடைவது கியர் பெட்டியாக இருக்கும்.)

இனி டயருக்குப் போகும் வழி. பெல்ட் ஒரு உலோகத் தட்டைச் சுழற்றுகிறது. அந்தத் தட்டின் முகத்தில், அதற்குக் குறுக்காக, விளிம்பில் ரப்பர் போட்ட ஒரு சிறு சக்கரம் நிற்கிறது. இதை உராய்வுச் சக்கரம் என்போம். லீவரை அழுத்தினால் கேபிள் இழுத்து, தட்டும் ரப்பரும் ஒன்றோடொன்று அழுந்தும். தட்டு சுழல, ரப்பர் சக்கரமும் சுழலும். ரப்பர் சக்கரம் ஓர் அறுகோணத் தண்டின் மேல் இருக்கிறது. அந்தத் தண்டிலிருந்து பல்சக்கரம், செயின் வழியாக அச்சுக்கும், அச்சிலிருந்து ஒரு பின் வழியாக டயருக்கும் விசை போகிறது.

வேகம் மாற்றும் ஏற்பாடு இதில் மிக அழகு. கியரே கிடையாது! வேக லீவரைத் தள்ளினால் ரப்பர் சக்கரம் தட்டின் மேல் பக்கவாட்டில் நகர்கிறது, அவ்வளவுதான். குடை ராட்டினத்தில் நடுவே நிற்பவனைவிட ஓரத்துக் குதிரையில் உட்கார்ந்தவன் வேகமாகச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கணக்கு. தட்டின் நடுவிலிருந்து 1 அங்குலத்தில் ரப்பர் நின்றால் ஒரு வேகம், 2 அங்குலத்தில் நின்றால் அதைப்போல் இரு மடங்கு. நடுவைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டால் ரிவர்ஸ்.

இந்தச் சங்கிலியில் நழுவக்கூடிய இடங்கள் இரண்டுதான்: பெல்ட், ரப்பர். மற்றவை உடையும், கழலும், உறையும், ஆனால் நழுவாது. வண்டி அறவே நகரவில்லையா, அல்லது தயங்கித் தயங்கி நகர்கிறதா என்று நான் முதலில் கேட்பது இதனால்தான்.

இதையெல்லாம் அறிந்தவன் போல் எழுதுகிறேனே, நான் கோட்டை விட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன்.

என் மகன் மிஸ்ஸிசாகாவில் இருக்கிறான். 2025 பிப்ரவரி நடுவில் டொரான்டோ வட்டாரத்தில் ஒரே வாரத்துக்குள் அடுத்தடுத்துப் பனிப்புயல்கள் வந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருக்கலாம். அதற்கு முந்தைய வாரம், சும்மா உட்கார்ந்திருக்கக் கை வராமல், மகன் யாரிடமோ பழையதாக வாங்கி வைத்திருந்த ஸ்நோ புளோயரைத் திறந்து 'சர்வீஸ்' செய்தேன். தண்டுகள் வறண்டு கிடந்தன. எனக்குப் பொறுக்குமா? கிரீஸ் டப்பாவை எடுத்து, ஆக்ஸில் பாக்ஸுக்கு வைப்பது போல் தாராளமாக வைத்து மூடினேன். கராஜுக்குள் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய் போல் ஓடியது. மகனிடம் பெருமையாகச் சொல்லியும் ஆயிற்று.

13ஆம் தேதி காலை. மருமகள் மருத்துவமனையில் நர்ஸ். 7 மணி ஷிப்டுக்குப் போக வேண்டும். வாசலில் முழங்கால் வரை பனி. அது போதாதென்று தெருவைச் சுத்தம் செய்த வண்டி ஒதுக்கிய பனி, கார் வெளியே வரும் வழியை மறித்து மேடாகக் கிடக்கிறது. இயந்திரத்தைக் கிளப்பினேன். பத்தடி போயிற்று. பிறகு தயங்கிற்று. பிறகு நின்றேவிட்டது. இஞ்சின் மட்டும் முழு மூச்சில் ஓடுகிறது, திருகும் சுழல்கிறது, டயர்கள் அசையவில்லை. தள்ளினால் போகிறது, விட்டால் நிற்கிறது.

மகன் மண்வெட்டியை எடுத்தான். நானும் ஒன்றை எடுத்தேன். மருமகள் வந்து அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "மாமா, உங்க பிபிக்கு இது கூடாது. இந்தக் குளிர்ல பனி வெட்டி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வர்றவங்களை நான் தினமும் பாக்கறேன். உள்ளே போங்க" என்றாள். சொல்லிவிட்டு, போட்டிருந்த யூனிபார்முடன் அவளே வெட்ட ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரரும் வந்து கை கொடுத்தார். முப்பத்தைந்து வருஷ அனுபவம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் கிளம்பும்போது 50 நிமிஷம் தாமதம்.

வாரக் கடைசியில் அடுத்த புயல் என்று வானிலை அறிக்கை சொல்லிற்று. ரிப்பேர்க் கடையில் கேட்டால் இரண்டு வாரம் ஆகுமாம், சீசன் அல்லவா! பஞ்சாபி நண்பர், "பெல்ட் கயா, அங்கிள்ஜி" என்றார். நானும் அதுவேதான் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இருந்தது. நம் பழைய ஐ.சி.எப். பெட்டிகளில் விளக்குக்கும் விசிறிக்குமான மின்சாரத்தை, பெட்டிக்கு அடியில் அச்சிலிருந்து வி-பெல்ட் போட்டு ஓட்டும் ஆல்டர்னேட்டர்தான் தரும். பெல்ட் தளர்ந்தால் நழுவும், பாட்டரி சார்ஜ் ஆகாது, ராத்திரி விளக்கு மங்கும், பயணிகள் சத்தம் போடுவார்கள். எல்.எச்.பி. பெட்டிகள் வந்த பிறகு அந்தத் தொல்லை குறைந்துவிட்டது. ஆனால் நழுவல் என்றால் பெல்ட் என்ற எண்ணம் என் மண்டையில் ஊறிப்போயிருந்தது. புது பெல்ட் வாங்கி, இயந்திரத்தை இரண்டாகப் பிரித்து மாட்ட அரை நாள் ஆயிற்று. கிளப்பினேன். அதே தயக்கம்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பெல்ட் வாங்குமுன் போட்டிருக்க வேண்டிய கணக்கு.

ரப்பர் தட்டின் மேல் பிடித்துக்கொள்ளும் பலத்துக்கு ஒரு எல்லை உண்டு. அது ரப்பரின் தன்மையையும் அழுத்தத்தையும் பொறுத்தது. ரப்பர் நடுவில் நின்றாலும் ஓரத்தில் நின்றாலும் அந்த எல்லை ஏறக்குறைய ஒன்றே. ஆகவே ரப்பர் நழுவினால் 1ஆம் வேகத்திலும் நழுவும், 5ஆம் வேகத்திலும் நழுவும். பெல்ட் அப்படியல்ல. அது தட்டுக்குத் தரக்கூடிய திருகுவிசைக்கு எல்லை உண்டு. ரப்பர் நடுவுக்கு அருகே இருக்கும்போது அதே திருகுவிசையில் அதிகத் தள்ளுபலம் கிடைக்கும், ஓரத்துக்குப் போகப் போகக் குறையும். கிணற்று ராட்டினத்தில் சிறிய உருளையாக இருந்தால் வாளி சுலபமாக ஏறுவது போல. ஆகவே பெல்ட் நழுவினால் குறைந்த வேகத்தில் வண்டி இழுக்கும், கூடிய வேகத்தில்தான் படுத்துக்கொள்ளும்.

எங்கள் இயந்திரம் எல்லா வேகத்திலும் ஒரே மாதிரிப் படுத்தது. அது வாயைத் திறந்து ரப்பர், ரப்பர் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

மறுநாள் காலை இஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி ஒதுக்கினேன். பெட்ரோல் மூடிக்குக் கீழே ஒரு பாலிதீன் தாளை வைத்து இறுக்கி, இயந்திரத்தை முன்பக்கமாகக் கவிழ்த்துத் திருகுப் பெட்டியின் மேல் நிற்க வைத்தோம். பின்பக்கமோ பக்கவாட்டிலோ சாய்க்கக் கூடாது, எண்ணெய் போகாத இடத்துக்கெல்லாம் போய்விடும். அடித்தகட்டில் சில போல்ட்டுகள். திறந்ததும் தெரிந்துவிட்டது. நான் அறுகோணத் தண்டில் அப்பிய கிரீஸ் சூட்டில் இளகி, சுழற்சியில் சிதறி, தட்டின் முகம் முழுதும் பளபளவென்று பூசியிருந்தது. ரப்பர் விளிம்பு கண்ணாடி போல் வழவழ. கராஜில் சும்மா ஓட்டியபோது சுமை இல்லை, அதனால் நழுவவில்லை. பனியில் சுமை ஏறியதும் நழுவல், நழுவினால் சூடு, சூட்டில் இன்னும் கொஞ்சம் கிரீஸ் உருகும். பத்தடியில் நின்றதன் ரகசியம் இது.

மகன் குனிந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அது பேசியதைவிட மோசமாக இருந்தது.

பரிகாரம் ஒரு மணி நேர வேலை. கிரீஸை வழித்தெடுத்து, தட்டையும் ரப்பரையும் மருந்துக் கடையில் கிடைக்கும் ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரண்டு மூன்று முறை துடைத்து, வழவழப்பை நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து எடுத்தோம். ரப்பர் இன்னும் உலோக விளிம்பைவிட வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் பிழைத்தது. தேய்ந்து உலோகத்தை எட்டியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் தட்டைக் கோடு கோடாக அறுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமைப் புயலில் இயந்திரம் ஓடியது.

நீங்கள் இதே தொல்லையில் மாட்டினால் திறப்பதற்கு முன்பே பார்க்கக்கூடியவை சில உண்டு. முதலில் டயரை அச்சோடு பிணைக்கும் பின் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சில இயந்திரங்களில் கையால் தள்ளிப் போவதற்காக அதை வெளித் துளைக்கு மாற்றி வைப்பார்கள், மாற்றியவர் மறந்திருப்பார். இஞ்சின் ஓடி, அச்சு சுழன்று, டயர் சும்மா இருந்தால் பின்தான். அடுத்தது கேபிள். இஞ்சினை நிறுத்திவிட்டு, முன் வேகத்தில் வைத்து, லீவரை அழுத்திக்கொண்டு வண்டியைப் பின்னால் இழுங்கள். கனமாக எதிர்த்தால் பிடிப்பு இருக்கிறது என்று அர்த்தம். லேசாக உருண்டு வந்தால் கேபிள் தளர்ந்திருக்கிறது அல்லது ரப்பர் பிடிக்கவில்லை. கேபிளில் தளர்வு எடுக்கும் திருகு கைப்பிடிப் பக்கமோ கீழேயோ இருக்கும். கொஞ்சமாக இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் லீவரை விட்ட பிறகும் வண்டி தானாக ஊர்ந்து போகும். நகராத வண்டியைவிட நிற்காத வண்டி ஆபத்தானது. கேபிள் உறைக்குள் தண்ணீர் இறங்கி உறைந்து போவதும் உண்டு. கராஜுக்குள் வைத்து வெதுவெதுப்பானதும் சரியாகிவிட்டால் அதுதான் நோய்.

முன்னே போகிறது, ரிவர்ஸ் இல்லை என்றால் வேக லீவரின் இணைப்புக் கம்பி அளவு தவறியிருக்கிறது. ரப்பர் நடுவைத் தாண்டவில்லை. டயர் சுழல்கிறது ஆனால் வண்டி போகவில்லை என்றால் இயந்திரத்தில் டிரைவ் கோளாறே இல்லை. ரயில் இஞ்சின் சக்கரம் வழுக்கினால் டிரைவர் தண்டவாளத்தில் மணல் விடுவார் அல்லவா, அந்த ஜாதிப் பிரச்சினை. முன்பக்கத் தகடு மிகத் தாழ்ந்து தரையைக் கவ்வுகிறதா என்று பார்த்து, இரு பக்கக் காலணிகளைச் சமமாக இறக்கி அதைச் சற்று உயர்த்துங்கள். ஒரு பக்கமே இழுத்துக்கொண்டு போனால் டயர்க் காற்றைப் பாருங்கள். ஹைட்ரோஸ்டாட்டிக் என்று எழுதிய விலை கூடிய இயந்திரத்தில் எண்ணெய் அழுத்தத்தால் ஓட்டம். ரப்பர் சக்கரமே கிடையாது. அதைக் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் உடனே நிறுத்தி மூடாமல், பனியைத் தட்டிவிட்டு இஞ்சினை வெளியிலேயே இரண்டு மூன்று நிமிஷம் ஓட விடுங்கள். உள்ளே புகுந்த பனி உருகி ரப்பர் மேல் உறைந்தால் அடுத்த நாள் வழுக்கும். மூடிய கராஜுக்குள் ஓட்டாதீர்கள், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. பனி வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால் கையை விடவே விடாதீர்கள். இஞ்சினை நிறுத்திய பிறகும் கூடாது. அடைப்பில் மாட்டிய விசிறியில் பெல்ட்டின் இறுக்கம் மிச்சமிருக்கும். அடைப்பு விடுபட்ட கணம் விசிறி ஒரு துள்ளு துள்ளும். விரல் போக அந்தத் துள்ளல் போதும். இயந்திரத்தோடு ஒரு பிளாஸ்டிக் கோல் தருவார்கள். இஞ்சினை நிறுத்தி, எல்லாம் நின்றதைக் கண்ணால் பார்த்து, அந்தக் கோலால் குத்தி எடுங்கள். கோல் தொலைந்திருந்தால் துடைப்பக் கட்டை.

கிரைண்டர்க்காரர்களுக்குச் சொன்ன வாக்கு. பெல்ட் போட்ட கிரைண்டரில் மோட்டார் ஓடி, உரல் நின்றால், மோட்டாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடியில் பெல்ட்டைப் பாருங்கள். தளர்ந்திருக்கும், அல்லது தண்டு வழியே இறங்கிய மாவுத் தண்ணீரில் வழவழத்துப் போயிருக்கும். அரிசி போடாமல் சுற்றுகிறது, போட்டால் நிற்கிறது என்றால் என் கராஜ் பரிசோதனையை நினைத்துக்கொள்ளுங்கள்.

மிஸ்ஸிசாகா கராஜில் இப்போது சுவரில் ஓர் ஆணி. அதில் ஷியர் பின் பாக்கெட் ஒன்று, மாற்று உராய்வு ரப்பர் ஒன்று, கழற்றிய பழைய பெல்ட் (அதில் ஒரு கோளாறும் இல்லையே!), ஒரு பழைய துணி. கிரீஸ் டப்பாவை மட்டும் எங்கே வைத்திருக்கிறான் என்று போனில் கேட்டால் மகன் பேச்சை மாற்றிவிடுகிறான்.